இடது பெருவிரல் நகம் பற்றி ஆனந்தபாய் சொன்னது

கொல்லம் 1130-ம் ஆண்டு புரட்டாசி மாதம் 10-ம் தேதி பகல் பதினொரு மணிக்கு மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாகச் சாட்சி தமிழில் சொல்லி, தமிழிலேயே எழுதப்பட்டது.

என் பெயர் ஆனந்தபாய். வயது 38. காலஞ்சென்ற ராஜையாவின் மனைவி. மிஷன் சபையைச் சேர்ந்தவள். கொல்லயிலில் குடியிருக்கிறேன். பாறசாலையில் பஸ் நிற்கும் இடத்தில் கைதச்சக்கை, அதாவது அன்னாசிப்பழம், கீற்றுப் போட்டு விற்பது தொழில். எழுதப் படிக்கத் தெரியும். நான் சொல்வது எனக்கே எதிராக எடுத்துக்கொள்ளப்படும் என்று கோர்ட்டு எச்சரித்தது. அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

எனக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அடித்துப் பார்த்தும் மாறவில்லை. பழத்தை இடது கையால் வெட்டி வலது கையால் எடுத்து நீட்டினால்தான் பஸ்ஸில் இருப்பவர்கள் வாங்குவார்கள். சந்தையில் கிடைக்கும் மடக்குக் கத்தி எல்லாம் வலது கைக்காரருக்குச் செய்தவை. நகம் வைத்துத் திறக்கிற குழி அலகின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அது எனக்கு எப்போதும் மறுபக்கம். கத்தியைத் திருப்பிப் பிடித்துத் திறக்கப் போனால் அலகு பாதியில் நழுவி மடங்கி விரலில் விழும். என் வலது கையில் அப்படி மூன்று தழும்புகள் உண்டு. அவற்றைக் கோர்ட்டாருக்குக் காட்டினேன்.

இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எதிரியாகிய விஜயதாஸ், வயது 27, என் உடன்பிறந்த தம்பி. சைக்கிள் கடையில் வேலை. என் கணவர் இறந்த பிறகு எனக்கும் ஒன்பது வயதுள்ள என் மகள் ஜெஸிக்கும் அவன்தான் ஆதரவு. மூன்றாவது தழும்பைப் பார்த்துவிட்டு, போன வருஷம் என் கத்தியைக் கடைக்குக் கொண்டுபோய், அலகின் மறுபக்கத்தில் என் கைக்கு ஏற்றபடி அரத்தால் ஒரு குழி ராவி, பழைய குழியில் பழச்சாறு தங்கித் துருப்பிடிக்கிறது என்று அதை ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தான். அதன் பிறகு அந்தக் கத்தியை இடது பெருவிரல் நகத்தால் மட்டுமே திறக்க முடியும். தம்பி வலது கைக்காரன். அதோடு, சிறு வயது முதல் பத்து விரல் நகங்களையும் சதை தெரியக் கடித்துத் துப்புகிறவன். வீட்டில் கத்தி வேண்டுமானால் என்னிடம் நீட்டுவான், நான் திறந்து கொடுப்பேன்.

சென்ற ஆடி மாதம் 20-ம் தேதி மாலை நான்கு மணிக்கு, தமிழ்ப் பகுதிகளை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று கோஷம் போட்டு ஊர்வலம் வந்தது. தம்பி முன்வரிசையில் கொடி பிடித்து வந்தான். எனக்கு அதில் ஈடுபாடு கிடையாது. கூட்டம் வந்தால் பழம் போகும் என்றுதான் கூடையை எடுக்காமல் இருந்தேன். அதன் பிறகு போலீசார் லத்தியால் அடிக்கத் தொடங்கினார்கள். ஜனங்கள் என் பக்கமாக ஓடி வந்தார்கள். நான் கத்தியை மடக்காமல் இடது கையில் வைத்துக்கொண்டே எழுந்தேன். அப்போது லத்தியோடு ஓடி வந்த கான்ஸ்டபிள் மோகனன், நான் சீவிப் போட்டிருந்த தோலில் வழுக்கி என் மேல் விழுந்தார். கத்தி அவர் வயிற்றில் இறங்கியது. அவரைக் குத்த நான் நினைக்கவில்லை. அவர் அதியன்னூர்க்காரர். தினமும் என்னிடம் இரண்டு கீற்று வாங்கி, உப்பு இன்னும் போடச் சொல்லித் தின்பவர். என் கையைப் பார்த்து, "அக்கா" என்றார்.

நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது, தம்பி அதை எடுத்து மடக்கி மடியில் செருகியதைக் கண்டேன். அங்கேயே அவனைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் மோகனன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். விஜயதாஸ் மடியிலிருந்து கத்தியை எடுத்து, நின்ற இடத்திலேயே திறந்து குத்தினான் என்று போலீஸ் சாட்சிகள் சொல்லியிருப்பதாக அறிந்தேன்.

அந்த மூன்று நாளும் நான் வீட்டைவிட்டு இறங்கவில்லை. பயம்தான், வேறு காரணம் கிடையாது. அதன் பிறகு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். தம்பியைக் காப்பாற்ற வந்தவள் என்று வெளியே அனுப்பினார்கள். மறுநாளும் போனேன். அன்றும் அப்படியே அனுப்பினார்கள். அவர்களுக்குக் கொடி பிடித்த ஆள் வேண்டும், பழக்காரி வேண்டாம்.

ஆவணி 3-ம் தேதி சப்ஜெயிலில் தம்பியைப் பார்த்தேன். "பேடிக்காத மக்கா, ஒனக்குத்தான் நகமே கிடையாதுல்லா. அந்தக் கத்தியை நீ எப்பிடித் திறப்ப? கோர்ட்டுல சொல்லப் போறேன்" என்று சொல்லித் தேற்றினேன். அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு, "எப்போ விசாரிப்பினும்?" என்று கேட்டான். வக்கீல் மனுக் கொடுத்தால் ஒரு மாசம் ஆகும் என்றேன். "ஒரு மாசம் போதும்" என்றான். அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்து, அன்று வீட்டுக்கு வந்து நான் வயிறார உண்டேன். இதை எழுத வேண்டியதில்லை என்று குமாஸ்தா சொல்கிறார். எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புரட்டாசி 8-ம் தேதி, என் மனுவின் பேரில், இதே அறையில் கோர்ட்டார் அந்தக் கத்தியை மடக்கியபடி தம்பியிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார்கள். விலங்கைக் கழற்றினார்கள். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியை வலது கையில் பிடித்து, இடது பெருவிரலை வைத்து, ஒரே தடவையில் திறந்தான். "அக்கா சொல்லுதது பொய்யாக்கும், சாரே. கத்தி எனக்க கத்தி" என்றான். கத்தியை மேசைமேல் வைத்தபோது அவன் கையைப் பார்த்தேன். ஒன்பது விரலில் நகம் எப்போதும்போல் கடித்திருந்தது. இடது பெருவிரலில் மட்டும் நகம் வளர்ந்திருந்தது. அதன் ஓரத்தைச் சுவரிலோ தரையிலோ உரசிச் சீராக்கியிருந்தான். ஒரு மாசம் போதும் என்று சொன்னது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த யோசனையை அவனுக்குக் கொடுத்தவள் நான்தான். "சாரே, அவனுக்க நகத்தைப் பாருங்க" என்று கத்தினேன். அமைதியைக் கெடுத்ததாக என்னை வெளியேற்றினார்கள். சொல்ல இருப்பதை இன்று வந்து சொல்லும்படி உத்தரவானது.

இன்று காலை கோர்ட்டு வராந்தாவில் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். "எலே, கையைக் காட்டுலே" என்றேன். காட்டினான். பத்து விரலிலும் நகம் இல்லை. இடது பெருவிரலில் கடித்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. "ஜெஸிக்கு நீ மட்டுந்தான் உண்டு அக்கா. வீட்டுக்குப் போ" என்றான். அதன் பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

இனிக் காட்டுவதற்கு என்னிடம் வேறு அத்தாட்சி இல்லை. என் இடது கை இருக்கிறது.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் நடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை, நானாகவே மனுக் கொடுத்து வந்தேன்.

(ஒப்பம்) ஆனந்தபாய்

குறிப்பு: சாட்சி இடது கையால் ஒப்பமிட்டார். சாட்சியின் வேண்டுகோளின்படி எதிரியின் கைகள் பார்க்கப்பட்டன. நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவர். வேறு விசேஷம் இல்லை.