ஒச்சம்மா வயலின் கறுப்புச் சேறு

நான் எப்போது முடிப்பேனோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர் உதயசூரியன் ஐயா அவர்களே, ரங்கத் பஜாரில் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு ஓடிவந்த பெரியோர்களே, கோலமிட்ட கை காயாமல் வந்தமர்ந்த தாய்மார்களே, தமிழ் புரியாவிட்டாலும் பொங்கல் புரியும் என்று வந்திருக்கும் வங்காளத்து அண்ணன்மார்களே, முன்வரிசையில் தலை குனிந்திருக்கும் ஒச்சம்மா அத்தையே, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். போர்ட் பிளேர் பஸ்ஸில் சாமான் ஏற்றி இறக்குகிறவன். சுற்றி வளைக்கத் தெரியாது. நாளைக்குப் பொங்கல். வீட்டுக்கு ஒரு படி புது அரிசி, கோயில் வாசலில் எல்லோருக்கும் ஒரே பானை. அது நம் வழக்கம். அத்தையின் அரிசியை அந்தப் பானையில் போடலாமா? அதற்குத்தான் இந்தக் கூட்டம். அந்த வயலையே லாரி மண் அடித்து மூடிவிடலாம் என்றும் சிலர் சொல்கிறீர்கள்.

பட்டென்று சொல்கிறேன். அரிசியைப் போடக்கூடாது. வயலையும் மூடக்கூடாது.

என்ன அண்ணே, இரண்டு பக்கமும் பேசுகிறேனா? கொஞ்சம் பொறுங்கள், ரெண்டே மினிட், கேளுங்கள்.

அந்த வயலுக்கு மேலே பழைய படகு பேட்டரி உடைக்கும் கொட்டகை இருந்ததே, நினைவிருக்கிறதா? உடைத்தவன் போய்விட்டான். ஊற்றிய விஷம் போகவில்லை. மழை அதைக் கழுவிக் கொண்டுவந்து அத்தையின் மண்ணில் இறக்கியது. ஈயம், காட்மியம். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, பிள்ளையின் எலும்புக்குத் தெரியும்.

மண் ஆராய்ச்சி செய்யும் உமா மகேஸ்வரி மேடம் வந்தார். கந்தகம் கொடுத்தார். "தண்ணீர் நிற்கட்டும், வடிக்காதீர்கள்" என்றார். ஏன் என்று நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன். மண்ணுக்குள் கண்ணில்லாத, காதில்லாத கோடானுகோடி உயிர்கள் குடியிருக்கின்றனவாம். காற்று புகும் மண்ணில் கந்தகத்தைப் போட்டால், அதிலே ஒரு கூட்டம் அதைத் தின்று அமிலமாக்கும். அமிலத்தில் உலோகம் கரையும், வேருக்குள் ஏறும். தண்ணீர் நிற்கும் மண்ணிலோ வேறொரு கூட்டம் கண் விழிக்கும். காற்றே இல்லாமல் வாழும் கூட்டம். அது கந்தகத்தை உலோகத்தோடு முடிச்சுப் போட்டு, கரையாத கறுப்புத் துகளாக்கி வைத்துவிடும். தெருவில் ஓடப் பார்க்கும் பிள்ளையைத் தாய் இடுப்போடு அணைத்துக்கொள்வது போல.

அந்த வேலைக்கு ஒரு வாடை உண்டு. அழுகிய முட்டை வாடை. அந்த வாடையைச் சேலையில் சுமந்துகொண்டு அத்தை பஸ்ஸில் ஏறியபோது, "பத்பூ வருது" என்று மூக்கைப் பொத்தினோமே, யார் பொத்தவில்லை? ஆனால் போன வருஷ நெல்லைச் சோதித்துவிட்டு மேடம் என்ன சொன்னார்? தின்னலாம் என்றார். அத்தை வரப்பிலேயே உட்கார்ந்து நாலு நெல்லை உரித்து வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை நான் பார்த்தேன்.

அப்படியானால் இந்த வருஷம் என்ன ஆனது?

மகளின் பிரசவத்துக்கு அத்தை கப்பலேறி மெயின்லேண்டு போனாள். பயிரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொழுந்தனார் அழகர்சாமி மாமாவிடம் விட்டாள். உசிலம்பட்டி வானம் பார்த்த காட்டில் வளர்ந்த மனிதர், நிற்கும் தண்ணீர் செய்யும் வேலை அவருக்குத் தெரியாது. நெல்லறுப்புக்கு முன்னால் தண்ணீரை வடிப்பது நம் எல்லோர் கைக்கும் பழக்கம். அதோடு அந்த நாற்றம். மதினி வரும்போது வயல் சுத்தமாக இருக்கட்டும் என்று, கதிர் பால் பிடிக்கும் நேரத்திலேயே வரப்பை வெட்டிவிட்டார். காற்று புகுந்தது. கறுப்புச் சேறு துருநிறமானது. போட்ட முடிச்செல்லாம் அவிழ்ந்தது. அவிழ்ந்தது அத்தனையும் கதிரில் ஏறியது. இந்த அரிசி ஆகாது என்று மேடம் சொல்லிவிட்டார்.

பகையால் வந்த கேடா இது? பாசத்தால் வந்தது.

அத்தை கப்பலிலிருந்து இறங்கிய அன்று அவளைக் கூட்டிவரப் போனவன் நான். மாமா துறைமுகத்திலேயே நின்றிருந்தார்.

"சாக்கட நாத்தம்னு நெனச்சுட்டேன் மதினி. ஒங்க வயல நாந்தான் கெடுத்துட்டேன்."

அத்தை அவரை ஒரு சொல் கடியவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"நாத்தம் போகட்டும்னுதானே தம்பி செஞ்சீக. ஒரு வெள்ளாமதானே, போகட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, அதுக செத்துருக்குமா? மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளு."

அதுக. சபையோரே, கேட்டீர்களா அந்தச் சொல்லை? விளைச்சல் போச்சே என்று கேட்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தத்தை விசாரிப்பது போல, மண்ணுக்குள் இருக்கும் உயிர்களை விசாரித்தாள். அவள் பையைத் தூக்குகிற சாக்கில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் லேசில் அழுகிறவன் இல்லை, சிரிக்காதீர்கள்.

மேடம் சொன்னார்: சாகவில்லை. ஒடுங்கிக் கிடக்கின்றன. தண்ணீர் திரும்பினால் அவையும் திரும்பும்.

இனி கோடை. தண்ணீர் எங்கே இருக்கிறது? நாலாவில் இருக்கிறது. நம் பாக்குக்கும் கத்தரிக்கும் முறை வைத்துப் பாய்ச்சுகிறோமே, அந்த ஓடையில் இருக்கிறது. அதில் முதல் முறையை அத்தைக்குக் கொடுங்கள். நம் கத்தரி கொஞ்சம் வாடும். வாடட்டுமே. லாரி மண்ணைக் கொட்டினால் அவள் நிலம் போகும், அடியில் கிடக்கும் விஷம் போகுமா? அடுத்த அறுப்பையும் சோதித்துப் பார்ப்போம், பிறகே உலையில் போடுவோம். அதுவரை அத்தையின் படியை நம் வீடுகளிலிருந்து ஆளுக்கொரு பிடி போட்டு நிரப்புவோம். நாளை அந்தப் பானையில் முதல் கையை அவள் போடட்டும்.

தலைவர் தலையசைக்கிறார். சொர்ணம்மா அக்கா கை தூக்கிவிட்டார், அந்தப் பின்வரிசை முழுக்கத் தூக்கிவிட்டது. தாதா, ஆப் பீ? வங்காளத்து அண்ணனும் கை தூக்கிவிட்டார். நல்லது, போதும்.

மாமா, ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து எங்கே கிளம்பிவிட்டீர்கள்? மண்வெட்டி எடுக்கவா? அத்தையும் எழுந்துவிட்டாளே. சரி, நான் மைக்கை விடுகிறேன். பொறுமையாய்க் கேட்ட நெஞ்சங்களுக்கு நன்றி, மண்ணுக்கு மேலே இருப்போருக்கும் கீழே இருப்போருக்கும் வணக்கம். வரப்பு அடைக்க வருகிறவர்கள் என் பின்னால் வாருங்கள்.