உப்பு பார்க்காத உப்புமா

மகாராணி: ...அதெல்லாம் சரி டீச்சர். லீவு நாள்ல பள்ளிக்கூடம் எதுக்குத் தொறந்து கெடக்கு? மொதல்ல அதைச் சொல்லுங்க.

சுல்தானா: பள்ளிக்கூடத்தை எங்க தொறந்தேன்? கேட்டைத்தான் தொறந்தேன். பிள்ளைக தானா உள்ள வந்துருச்சுக.

மகாராணி: போர்டுல கணக்கும் தானா எழுதிக்கிருச்சா?

சுல்தானா: அது... நேத்து எழுதுனது.

மகாராணி: நேத்து ஞாயித்துக்கெழம டீச்சர்.

சுல்தானா: உன்னையப் போயி பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தலைவியா உக்கார வச்சேன் பாரு, என்னையச் சொல்லணும்.

மகாராணி: நான் கேரளா மலையில ஏலத்தோட்டத்துல களை எடுத்துட்டு இப்பத்தான் ஜீப்பை விட்டு எறங்குறேன். எம் மக அருணா ஓடியாந்து சொல்றா, "அம்மா, டீச்சர் எங்களுக்கு உப்புமா கிண்டிப் போட்டாங்க"ன்னு. காலண்டர்ல போட்ட ரம்சான் லீவு. சத்துணவு கெடையாது. இருக்க இன்னொரு வாத்தியாரு பிரதீப் சாரும் தேனிக்கு டிரெயினிங் போயிட்டாரு. நீங்க ஒத்தையில போடியில இருந்து பஸ்சு ஏறி வந்து...

சுல்தானா: நீங்க எல்லாம் விடியமுன்ன மலைக்குப் போயிட்டீக. பிள்ளைக எங்க போகும்? போன வருசம் கமிட்டியில மேசையைத் தட்டுனது யாரு? "சாமிக்கு லீவு விடுறீங்க, யானைக்கு யாரு லீவு விட்டது?"ன்னு கேட்டது யாரு?

மகாராணி: நான்தான். ஏன் கேக்க மாட்டேன்? லீவுன்னு பிள்ளைய வீட்ல விட்டுட்டுப் போனா, பின்னால வாழைத்தோப்புக்குள்ள ஆனை நிக்கிது. அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு கெடந்தா. நான் வந்து கதவைத் தட்டுறேன், அம்மான்னு சொல்லக்கூட வாய் வரல அவளுக்கு...

சுல்தானா: அதுல இருந்து நான் ஒரு உள்ளூர் லீவுகூட விடல.

மகாராணி: தெரியும். எங்க காளியாத்தா பொங்கலுக்கே விடலையே நீங்க! கன்னையன் டீக்கடையில ஒரே பேச்சு. "பாய் வீட்டு டீச்சரு நம்ம சாமிக்கு லீவு விடமாட்டேங்குது"ன்னு.

சுல்தானா: நீ என்ன சொன்ன?

மகாராணி: "விடாதீங்கன்னு சொன்னதே நான்தான். லீவு விட்டா அத்தனை பிள்ளையவும் உன் டீக்கடை பெஞ்சுல கட்டிப் போடவா?"ன்னேன். அந்தாளு டீ ஆத்தத் திரும்பிட்டாரு.

சுல்தானா: ஹஹ்ஹா... சரி, நேரமாச்சு, வீட்டுக்குப் போ.

மகாராணி: போறேன். தூக்குல டீ இருக்கு. ஒரு வாய் குடிங்க.

சுல்தானா: வேணாம்... இப்பத்தான் குடிச்சேன்.

மகாராணி: எங்க? இந்தப் பள்ளிக்கூடத்துல பால் ஏது?

சுல்தானா: வரும்போது குடிச்சேன்.

மகாராணி: வந்தது காலையில. இப்பப் பொழுது எறங்கிருச்சு.

சுல்தானா: உனக்கு என்ன இன்னைக்கு? போலீஸ் வேலையா பாக்குற?

மகாராணி: சும்மா கேட்டேன். பெருநாளும் அதுவுமா...

சுல்தானா: ம்... ஆமா. பெருநாள்தான். காலையிலயே தொழுகை, சாப்பாடு எல்லாம் முடிச்சிட்டுத்தான் பஸ்சு ஏறுனேன்.

மகாராணி: அப்படியா? போடிப் பள்ளிவாசல்ல நேத்து பிறை தெரியல, பெருநாள் நாளைக்குத்தான்னு சொல்லிக்கிட்டாங்களே.

சுல்தானா: அது போடிக்கு. எங்க வீட்டுக்காரருக்குக் கேரளாப் பிறை. அங்க நேத்தே பாத்துட்டாங்க.

மகாராணி: அது நெசந்தான். எங்க எஸ்டேட்டு சூப்பர்வைசர் இன்னைக்கு வரல, பெருநாளாம். மலைக்கு மேல பெருநாள், கீழ நோன்பு. ஒரே நெலா... ஆனா டீச்சர், உங்க வீட்டுக்காரரு அல்லா பிச்சை அண்ணன் போடியில பொறந்து போடியில மளிகைக்கடை வச்சிருக்கவரு. அவரு எப்பக் கேரளாவுக்குப் போனாரு?

சுல்தானா: அவுக அம்மாவுக்குப் பூப்பாறை. அது கேரளாதானே.

மகாராணி: உங்க மாமியாருக்கு உத்தமபாளையம்னு நீங்கதான் சொன்னீங்க.

சுல்தானா: மகாராணி... வெரசா வீட்டுக்குப் போறியா இல்லையா?

மகாராணி: இதைச் சொல்லிட்டுப் போயிர்றேன். நாளைக்கு லீவு விடுங்க.

சுல்தானா: யாரு, நீயா சொல்ற? யானை மகாராணியா?

மகாராணி: நான்தான். கையில ஒரு உள்ளூர் லீவு இருக்குல்ல? ஹெட்மாஸ்டர் நீங்கதானே? எழுதிப் போடுங்க.

சுல்தானா: அது உங்க பங்குனிப் பொங்கலுக்கு. இந்த வருசமாச்சும் விடணும்னு எடுத்து வச்சிருக்கேன். போன வருசம் ஊரே மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சதை நான் மறக்கல. பள்ளிக்கூடம் எல்லாருக்கும் பொதுவுன்னா, எல்லாரோட நல்ல நாளும் அதுக்குத் தெரியணும்.

மகாராணி: அதைத்தான் நானும் சொல்றேன். உங்க நல்ல நாளும் தெரியட்டும்.

சுல்தானா: எனக்குத்தான் முடிஞ்சிருச்சுங்கிறேனே. காளியம்மனுக்கு உள்ள லீவை நான் எடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?

மகாராணி: ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். எங்களுக்குள்ள பழக்கம்.

சுல்தானா: விளையாடாத. ஒரு பிள்ளைக்கு நல்ல நாள், இன்னொரு பிள்ளைக்குப் பட்டினியாப் போகக் கூடாது. நான் வரலேன்னா நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுதான். உங்க பிள்ளைகளை யாரு பாக்குறது?

மகாராணி: நாங்கதான். நாளைக்கு ஒருத்தரும் மலைக்குப் போகல.

சுல்தானா: ஏன்?

மகாராணி: சுருளியோட ஜீப்பு... எப்சிக்குத் தேனி போகுது.

சுல்தானா: எப்சியா?

மகாராணி: ஆமா, வண்டி ஓட்டமா இருக்கான்னு பாத்து ஆபீசுல சர்ட்டிபிகேட்டு குடுப்பாகல்ல, அது. ஜீப்பு இல்லேன்னா வேலை இல்ல. எல்லாரும் வீட்லதான். பிள்ளைக கோயில் மண்டபத்துல வெளையாடிக்கிட்டுக் கெடக்கும்.

சுல்தானா: கோயில் மண்டபத்துல...

மகாராணி: அதாவது... வீட்ல. மண்டபத்துலயும்.

சுல்தானா: ம்.

மகாராணி: நீங்க தொறந்தாலும் ஒரு பிள்ளை வராது. அதான் சொல்றேன். டீ ஆறுது, குடிங்க.

சுல்தானா: வேணாம்னு சொன்னேன்ல.

மகாராணி: தண்ணியாச்சும்?

சுல்தானா: தாகமில்ல.

மகாராணி: பங்குனி வெயில்ல பகல் பூரா கத்திப் பாடம் நடத்திட்டுத் தாகமில்லையா? ...டீச்சர், அருணா இன்னொன்னும் சொன்னா.

சுல்தானா: என்ன?

மகாராணி: உப்புமாவுல உப்பே இல்லையாம்.

சுல்தானா: ...அப்படியா? பிள்ளைக ஒண்ணும் சொல்லலையே.

மகாராணி: எப்படிச் சொல்லும்? நீங்க ஆசையா கிண்டிப் போட்டீங்கன்னு பேசாமத் தின்னுருச்சுக. ஆண்டு விழாவுக்குக் கேசரி கிண்டுனப்போ ஆறு தடவை உள்ளங்கையில வச்சு நக்கிப் பாத்த ஆளு நீங்க. இன்னைக்கு மட்டும் ஏன் பாக்கல?

சுல்தானா: மறந்துட்டேன்.

மகாராணி: பெருநாள் அன்னைக்கு நோன்பு இருக்கக் கூடாதுல்ல டீச்சர்?

சுல்தானா: யாரு சொன்னா?

மகாராணி: நீங்கதான். அருணா மூணாப்பு படிக்கும்போது பாடம் நடத்துனீங்க. ஜன்னலுக்கு வெளிய நின்னு நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

சுல்தானா: மகாராணி...

மகாராணி: இந்தா, போனு சத்தம் போடுது. பாங்கு சொல்லுது பாருங்க.

சுல்தானா: அது அலாரம்...

மகாராணி: அலாரத்துக்கு ஏன் டீச்சர் முந்தானையத் தலையில இழுத்துப் போடுறீங்க? ...பிடிங்க. பேரீச்சம்பழம். வாயில போடுங்க மொதல்ல, சண்டையப் பெறகு போடலாம்.

சுல்தானா: பிஸ்மில்லா...

மகாராணி: தண்ணி... மெதுவா. மெதுவா.

சுல்தானா: தூக்குல டீன்னு சொன்ன...

மகாராணி: டீயாவது ஒண்ணாவது. நோன்புக் கஞ்சி. நீங்க இங்க பஸ்சு ஏறி வந்ததைச் சுருளி சொன்னான், போடியில ஜீப்பை நிறுத்தச் சொல்லிப் பள்ளிவாசல்ல வாங்கிட்டு வந்தேன். குடிங்க, சூடு இருக்கு.

சுல்தானா: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரம் டீ டீன்னு...

மகாராணி: பின்ன? நேராக் கேட்டா ஒத்துக்கிருவீங்களா? இன்னொன்னும் தெரியும். உங்க மக ரமீஸாவும் மருமகனும் காலையில போடி பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குனதைச் சுருளி பாத்திருக்கான். கல்யாணம் முடிஞ்சு மொதப் பெருநாள். நாளைக்கு ராத்திரி பஸ்சுக்குத் திரும்பிருவாகளாம். நீங்க இங்கிட்டுச் சாக்பீஸோட நின்னா, அந்தப் பிள்ளைக்கு யாரு எல போடுவா? மாப்பிள்ளை வீட்ல என்ன பேசுவாக?

சுல்தானா: பேசட்டும். ரமீஸா வெவரமான பிள்ளை. அவளும் இந்த மாதிரிப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சா.

மகாராணி: வெவரமான பிள்ளையும் அம்மாவைத் தேடும் டீச்சர். புதுப் பொண்ணு வேற... அட, அழுகாதீங்க. கஞ்சியில உப்பு சரியாத்தான் இருக்கு, கண்ணுத் தண்ணி வேற எதுக்கு?

சுல்தானா: போடி... உன் வாயி இருக்கே!

மகாராணி: டீச்சர், நான் படிக்காதவ. லீவு வேணாம்னு மேசையத் தட்டுனது எம் பிள்ளைக்காக. அதுக்காக நீங்க உங்க பிள்ளைய விட்டுட்டு எம் பிள்ளையப் பாக்கணும்னா சொன்னேன்? இன்னைக்கு இந்த வெயில்ல, பச்சைத் தண்ணி படாம, லீவு நாள்ல வந்து... எங்க ஊரு சனம் உங்களை என்ன பேச்சுப் பேசுச்சு! உங்களை இப்படியே விட எனக்கு மனசு வரல டீச்சர். நெசமாத்தான் சொல்றேன்.

சுல்தானா: சரி... சரி. ஜீப்புதான் ஓடாதுங்கிறியே.

மகாராணி: ஓடாது.

சுல்தானா: ஒருத்தரும் மலைக்குப் போகல.

மகாராணி: போகல.

சுல்தானா: காளியாத்தா மேல சத்தியமா?

மகாராணி: ...ஆத்தாவை எதுக்கு இதுல இழுக்குறீங்க? அவளுக்கு ஆயிரம் சோலி.

சுல்தானா: ஹஹ்ஹா... சரி, நம்புறேன். சாக்பீஸைக் கொண்டா. "நாளை விடுமுறை." காரணம் என்னன்னு எழுத?

மகாராணி: பெருநாள்னு எழுதுங்க. பெருசா எழுதுங்க. கன்னையன் டீக்கடையில இருந்து பாத்தாத் தெரியணும்.

சுல்தானா: எழுதியாச்சு. போதுமா?

மகாராணி: போதும். கேட்டைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துக்கிறேன். பஸ்சு வர்ற நேரம், கெளம்புங்க. ரமீஸாவைக் கேட்டேன்னு சொல்லுங்க.

சுல்தானா: சொல்றேன். வர்றேன் மகாராணி.

மகாராணி: போயிட்டு வாங்க டீச்சர்... பாத்து... படி இருட்டா இருக்கு. ஏய் சுருளி! ஆரனை அமுக்காத, காது போகுது. எறங்கி உள்ள வா.

சுருளி: என்னக்கா, ரொம்ப நேரமா டீச்சரோட பேச்சு? நாளைக்கு எப்பயும்போல விடியமுன்ன வந்துரவா?

மகாராணி: மெதுவாப் பேசு. டீச்சர் இன்னும் ரோட்டைத் தாண்டிருக்காது. நாளைக்கு உன் ஜீப்பு எப்சிக்குப் போகுது.

சுருளி: எப்சி தை மாசமே முடிஞ்சிருச்சேக்கா.

மகாராணி: டீச்சர் கேட்டா போகுதுன்னு சொல்லு. ஜீப்பு வரட்டும், மத்தவுக எல்லாரும் ஏறுவாக. நான் மட்டும் வரல. பிள்ளைகளை நான் பாத்துக்கிறேன்.

சுருளி: அத்தனை பிள்ளையவும் ஒத்தையாளாவா? டீச்சருக்குத் தெரியுமா?

மகாராணி: தெரிஞ்சா லீவை அழிச்சுட்டுப் பள்ளிக்கூடத்தைத் தொறந்துரும். மூச்சு விட்டுறாத.

சுருளி: பிள்ளைகளுக்குச் சோறு?

மகாராணி: உப்புமாதான். உப்புப் போட்ட உப்புமா. ...என்னடா முழிக்கிற?

சுருளி: ஒண்ணுமில்லக்கா.

மகாராணி: சொல்லுடா.

சுருளி: டீச்சரும் மூச்சு விடாதன்னு சொல்லிருக்குக்கா.

மகாராணி: எதை?

சுருளி: நாளைக்கு மத்தியானத்துக்கு என் ஜீப்பு வேணும்னு காலையிலயே பஸ் ஸ்டாண்டுல சொல்லி வச்சிருச்சு. மகளையும் மருமகனையும் ஏத்திக்கிட்டு, பிரியாணி தேக்சாவோட பள்ளிக்கூடத்துக்கு வரணும்னு.

மகாராணி: காலையிலயேவா? அப்ப... ஜீப்பு ஓடும்னு அதுக்கு...

சுருளி: இப்பக்கூடப் பள்ளிக்கூட கேட்டு வாசல்ல என்னைய நிப்பாட்டிச் சொல்லிட்டுத்தான் போகுது. "சுருளி, நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்ல, காளியம்மன் கோயில் மண்டபத்துக்கு வண்டிய விடு. கோயில்ல வச்சுத் திங்கிற பிள்ளைக, கறி வேணாம், குஸ்காவா மாத்திச் சொல்லிர்றேன். மகாராணி உப்புமா கிண்ட அடுப்பைப் பத்த வைக்கிறதுக்குள்ள வந்துரணும்... நாளைக்கு நான் உப்புப் பாப்பேன்"னு.