வெந்நீர்த் தொட்டியில் சிலிண்டரை வைத்தது குறித்து முத்தாயி சொன்னது

1909-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 23-ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு வட்டாரப் போலீஸ் ஸ்டேஷனில், இன்ஸ்பெக்டர் முன்னிலையில், தமிழ் மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொண்டது.

என் பெயர் முத்தாயி. வயது முப்பத்திரண்டு இருக்கும். புருஷன் பெயர் வடிவேலு, ரோட்டு வேலை. பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைகளை அடுத்த வரிசை வீட்டில் மூன்றாவது அறையில் குடியிருக்கிறேன். சிராங்கூன் ரோட்டிலுள்ள சோடாக் கம்பெனியில் ஐந்து வருஷமாகப் புட்டி கழுவுகிறேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாக வந்தேன். நேற்றும் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று வாசலில் காவல் நின்ற போலீஸ்கார மாத்தா திருப்பி அனுப்பிவிட்டார்.

கம்பெனி முதலாளி பினாங்கில் இருக்கிறார். இங்கே எல்லாம் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு வைத்ததுதான் சட்டம். சோடாவுக்குள் கேஸ் ஏற்றும் வேலை அப்துல் கையூமுடையது. அவரை நாங்கள் கையூம் பாய் என்போம். வெள்ளிக்கிழமை சிலிண்டர் வெடித்து, என்னோடு புட்டி கழுவிய ரத்தினம்மா செத்ததற்கு அவர்தான் காரணம் என்று கிராணி எழுதிக் கொடுத்ததன் பேரில் மூன்று நாளாக அவர் உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். கிராணி எழுதிக் கொடுத்தது பொய்.

கேஸ் என்பது கரியமில வாயு. அதை ஆள் உயர இரும்புச் சிலிண்டருக்குள் நெருக்கி அடைத்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். கையூம் பாய் சிலிண்டர்களைச் சுவரோடு நிற்க வைத்துச் சங்கிலி போட்டுக் கட்டுவார், வெயில் படாமல் ஈரச் சாக்குப் போர்த்துவார், மேலே உள்ள திருகை மெதுவாகத் திறப்பார். கிடங்குக்குள் போகுமுன் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டித் தரையோரம் இறக்குவார், அது அணைந்தால் கேஸ் தங்கியிருக்கிறது என்று யாரையும் உள்ளே விடமாட்டார். பிள்ளை பெற்றவளைப் பார்ப்பது போலப் பார்க்கிறீர்களே என்று நானும் ரத்தினம்மாவும் அவரைக் கேலி செய்திருக்கிறோம். அவர் சிரித்துக்கொள்வார், வேலையை மாற்றிக்கொள்ள மாட்டார்.

கேஸை வேகமாக இழுத்தால் திருகின் வாயில் வெள்ளையாய் ஐஸ் பிடித்து அடைத்துக்கொள்ளும். அப்போது கையூம் பாய் நாங்கள் புட்டி ஊறப்போடும் தொட்டியிலிருந்து ஒரு குவளை வெந்நீர் வாங்கி, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்து, அதில் துணியை நனைத்துப் பிழிந்து திருகில் மட்டும் சுற்றுவார். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் கூடாது என்பார். சிறிது நேரத்தில் ஐஸ் விட்டுக் கேஸ் வரும். கிராணி இதைத் தினமும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். வெந்நீர் பட்டால் கேஸ் வருகிறது என்பது மட்டும் அவர் கண்ணில் பட்டது, முழங்கையை விட்டுப் பார்த்தது படவில்லை.

20-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒரு புதுச் சிலிண்டரை மெஷினுக்குப் பூட்டினார்கள். பன்னிரண்டரை மணிக்குக் கையூம் பாய் திருகை மூடி, சாக்கை நனைத்துப் போட்டு, கை கால் கழுவிக்கொண்டு டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார். தான் வரும் வரை மெஷினைத் தொடவேண்டாம் என்று கிராணியிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன். ஐந்து வருஷமும் வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் மெஷின் நிற்கும்.

அதன் பிறகு, தஞ்சோங் பகார் துறையில் நின்ற கப்பலுக்குச் சாயங்காலத்துக்குள் அறுபது பெட்டி சோடா போகவேண்டும் என்று ஆள் வந்தது. கிராணி பாய்க்காகக் காத்திருக்காமல் தானே திருகை முழுக்கத் திறந்து மெஷினை ஓட்டச் சொன்னார். அரை மணி ஓடுவதற்குள் ஐஸ் அடைத்து நின்றுவிட்டது. அதன் பிறகு அவர் திருகை மூடி, குழாயைக் கழற்றி, என்னையும் ரத்தினம்மாவையும் கூப்பிட்டு, சிலிண்டரைப் புட்டி ஊறும் தொட்டிக்குள் படுக்க வைக்கவேண்டும் என்றார். அது நீளத் தகரத் தொட்டி, அடியில் செங்கல் அடுப்பு. பாய் துணிதானே சுற்றுவார் என்று ரத்தினம்மா கேட்டாள். ஒரு குவளையில் கொஞ்சம் வந்தால் ஒரு தொட்டியில் முழுக்க வரும், உனக்கென்ன தெரியும் என்று கிராணி அதட்டினார். மூன்று பேரும் சேர்ந்து, கிராணி தலைமாட்டிலும் நாங்கள் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கி உள்ளே இறக்கினோம்.

பாய் தொழுகைக்குப் போகுமுன் தானே தொட்டியில் வைத்துவிட்டு மறந்து போனார் என்று கிராணி எழுதியிருக்கிறாராம். அந்தச் சிலிண்டர் அரிசி மூட்டையை விடக் கனம். ஒற்றை ஆளாக அதைத் தூக்கலாம் என்கிறவர் இங்கே இன்ஸ்பெக்டர் ஐயா முன்னால் அதே மாதிரி ஒன்றை ஒரு தடவை தூக்கிக் காட்டட்டும். நான் நின்று பார்க்கிறேன்.

அதன் பிறகு கிராணி அடுப்பைத் தூண்டச் சொன்னார். நான்தான் விறகு வைத்தேன். மூன்று கட்டை வைத்து ஊதினேன். தண்ணீர் ஆவி விடத் தொடங்கியது. கிராணி முன்னறைக்குப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சூட்டைக் குறைப்போம் என்று ரத்தினம்மாவிடம் சொல்லி, அவளை அடுப்பண்டை நிற்க வைத்துவிட்டு, இரண்டு வாளியோடு தெருக் குழாய்க்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். என் முதல் வாளி நிறைவதற்குள் சத்தம் கேட்டது. குழாயடியில் நின்ற எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

திரும்பி ஓடி வந்தபோது கூரையில் பாதி இல்லை. தகரத் தொட்டி துணி கிழிந்த மாதிரிக் கிழிந்து கிடந்தது. ரத்தினம்மா பின்சுவர் ஓரம் கிடந்தாள். அவள் கையில் கண்ணாடி வளையல் நான்கும் உடையாமல் இருந்தன. புட்டிக் கண்ணாடி தெரு வரைக்கும் சிதறியிருந்தது, அதன் மேல் வெறுங்காலோடு நடந்து போய் அவளைத் தூக்கினேன். கால் காயத்தை இன்ஸ்பெக்டர் ஐயா பார்த்தார். கையூம் பாய் பள்ளிவாசலிலிருந்து தலையில் தொப்பியோடு ஓடி வந்தது அதற்குப் பிறகுதான். வந்தவர் முதலில் மற்றச் சிலிண்டர்களைச் சுவரிலிருந்து அவிழ்த்து, அடுப்பு நெருப்பு படாத பக்கம் உருட்டினார். அந்த நேரத்தில்தான் மாத்தாக்கள் வந்து அவரைப் பிடித்தார்கள். கிராணி தெருவில் நின்று கையை நீட்டிக் காட்டினார்.

சனிக்கிழமை காலை கிராணி என் அறை வாசலுக்கு வந்தார். பாய் சிலிண்டரைத் தொட்டியில் வைத்ததைப் பார்த்தேன் என்று நான் சொல்லவேண்டும் என்றார். நான் மாட்டேன் என்றேன். அப்போது அவர் சொன்னது இது:

"யோசிச்சுப் பேசு முத்தாயி. அடுப்புல விறகு வச்சவ நீ. நான் வாயைத் திறந்தா நீதான் உள்ள போவே."

"திறங்க கிராணி. வச்சது நான், வைக்கச் சொன்னது யாருன்னும் சேத்துத் திறங்க."

அவர் போய்விட்டார். கையூம் பாய் உனக்கு என்ன உறவு என்று என் புருஷன் உட்படப் பலர் கேட்டார்கள். உறவு ஒன்றுமில்லை. ஐந்து வருஷம் எங்கள் உயிரைப் பத்திரமாகப் பார்த்தவர் மேல் பழி போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ரத்தினம்மாவை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. அவளை அங்கே நிற்கச் சொன்னது நான். அதற்காக அழுதேன், இன்னும் அழுவேன். ஆனால் என் அழுகையைச் சாக்காக வைத்துக் கிராணி தப்பிக்கக்கூடாது.

இதை எழுதிய ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் நான் விறகு வைத்த இடம் இல்லை. கேட்டதற்கு, அம்மா, அது இருந்தால் உங்களையும் இங்கே நிறுத்திவிடுவார்கள், பாய் வெளியே வர மற்றது போதும் என்று தணிந்த குரலில் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அது போதாது. விறகு வைக்காதவள் தொட்டியண்டை எப்படி இருந்தாள், எதைப் பார்த்தாள் என்று கிராணியின் வக்கீல் முதல் கேள்வியிலேயே என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடுவார். ஆகையால் அதை எழுதச் சொன்னேன், எழுதினார், மறுபடி வாசித்தார், இப்போது இருக்கிறது. இனி நான் இன்று வீட்டுக்குப் போக முடியாது என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொல்கிறார். சரி, இருக்கிறேன். கையூம் பாயை இன்றே வெளியே விடுங்கள்.

நான் சொன்னபடியே எழுதி, எனக்குத் தமிழில் இரண்டு தடவை வாசித்துக் காட்டப்பட்டது. இதில் உள்ளது அத்தனையும் நடந்தது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை, மிரட்டியவர் பெயரும் இதில் இருக்கிறது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

முத்தாயியின் இடது கைப் பெருவிரல் ரேகை.