காலியாக விட்ட ஒரு கட்டம்

என் பேச்சு நீளும் என்றஞ்சி இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் விழாத் தலைவர் அவர்களே! ஆயுளில் பாதியை ஆய்வகத்தில் கழித்த மூத்த பொறியாளர்களே! பட்டறையின் பலமான தோழர்களே! தாய்மார்களே! அவர்களுள்ளும், எங்கள் சோதனை அறை ‘மீட்டர் அக்கா’வைப் பெற்றெடுத்து, முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே! வணக்கம்.

டையோடு! மிளகளவு உடம்பு, இரண்டே கால். மின்சாரத்தை ஒரு பக்கம் போகவிடும்; திரும்பி வர விடாது. எதுவரை விடாது? அதற்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு, தோழர்களே!

குறைமாதக் குழந்தைகளுக்குக் கதகதப்புத் தரும் கருவி செய்தோம். கருவி நின்றால் குளிர்ந்துபோகும் குழந்தைகள்! அதன் மின்சுற்றை வடிவமைத்தவன் நான். கணினியில் ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறையா? நூறுமுறை! சூட்டைப் பரப்பும் விசிறியைப் போட்டேன், நிறுத்தினேன்; நிறுத்தும் நொடியில்தான் மின்சாரம் எதிர்ப்பக்கம் உதைக்கும். திரையில் என் டையோடு அசைந்து கொடுக்கவில்லை. மார்தட்டிக்கொண்டேன்.

சோதனை அறையில் அசல் கருவியின் விசிறியை நிறுத்தினார் மீட்டர் அக்கா. ‘பட்!’ டையோடு செத்தது, ஃபியூஸ் போனது, ஹீட்டர் அணைந்தது.

“இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

எனக்கு வந்ததே கோபம்! “மட்டமான சரக்கா இருக்கும், வேற மாட்டுங்க! கம்ப்யூட்டர்ல நூறு தடவை ஓடியிருக்கு. உங்களுக்கு மீட்டர் பிடிக்கத் தெரியும், டிசைன் தெரியுமா?” என்று எல்லோர் முன்பும் கத்தினேன்.

யாரது பின்னால் சிரிப்பது? சிரியுங்கள், இன்னும் இருக்கிறது!

வேறு மாட்டினார். பட்! இன்னொன்று. அதுவும் பட்! நேரே என் மேசைக்கு வந்தார். “கம்ப்யூட்டர்ல இருக்கிற டையோடைத் திறந்து காட்டுங்க சார்.” திறந்தேன். அதன் குணங்களை எழுத வேண்டிய படிவம். எதிர்த்திசையில் எத்தனை வோல்ட் தாங்கும்? அந்தக் கட்டம் காலி!

“காலியா விட்டா என்ன சார் அர்த்தம்?”

மெல்லச் சொன்னேன்: “எவ்வளவு வேணாலும் தாங்கும்னு எடுத்துக்கும்.”

“அடேங்கப்பா! அந்த டையோடு எந்தக் கடையில சார் விக்குது?”

முன்வரிசையிலிருந்து என்னம்மா சொல்கிறீர்கள்? ‘காய்கறியையே நிறுத்துப் பார்த்துத்தான் நம்புவா’ என்கிறீர்களா? நல்ல வளர்ப்பு அம்மா, நல்ல வளர்ப்பு!

இரண்டு நாள். இருபது டையோடு. எந்த வோல்ட்டில் உடைகிறது, சூட்டில் எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று ஒவ்வொன்றாய் அளந்தார்; எண் எண்ணாய் என் படிவத்தில் ஏற்றினார். மறுபடி ஓட்டினோம். சோதனை அறையில் உடைந்த அதே நூறு வோல்ட்டில், திரையிலும் டையோடு செத்தது! தோல்வியைக் கண்டு கைதட்டிய கூட்டத்தைக் கண்டதுண்டா? நாங்கள் தட்டினோம்! ஏன்? அன்றுதான் எங்கள் கணினி உண்மை பேசியது.

பிறகு அதிகம் தாங்கும் டையோடைத் தேடி, அதையும் அளந்து, ஏற்றி, அசலில் மாட்டினோம். ஆயிரம் முறை விசிறியை நிறுத்திப் பார்த்தார் அக்கா. ஹீட்டர் ஒருமுறையும் அணையவில்லை. அதன் பிறகே கையெழுத்திட்டார். இன்று அந்தக் கருவியின் கீழே குழந்தைகள் உறங்குகிறார்கள்.

அம்மா, உங்கள் மகளைப் பத்துப் பேர் முன்னால் பழித்தேன். இந்த அரங்கம் முழுதும் கேட்கச் சொல்கிறேன்: அக்கா, தப்பு என்னுடையது. என்னை மன்னிச்சிடுங்க. நீங்கள் அன்றைக்கு என் கத்தலுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டிருந்தால், இன்றைக்கு நான் எந்த முகத்தோடு இந்தத் தாய்மார்கள் முன்னால் நிற்பேன்?

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கடிகாரத்தை மறந்த தலைவருக்கும் நன்றி. கடைசி வணக்கம் அக்காவுக்கு. எழுந்து நின்று சொல்வோம், வாருங்கள்!