கவாப் பொதியைத் திருப்பிப் பார்த்த நிரஞ்சனிக்கு நன்றி

தலைமை தாங்கும் பேரின்பநாதன் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, வேலைக் களைப்போடும் வெண்பனி மிதித்து வந்த தாய்மாரே, நம் செயின்ட்-மிஷேல் பகுதி வணிகப் பெருமக்களே! பலசரக்குக் கடை இரவிச்சந்திரன் உங்களைப் பணிகிறேன். பாராட்டிப் பேச அழைத்தீர்கள். பாராட்டுமுன் என் பிழையைச் சொல்லவேண்டும்.

கவா! பசிபிக் தீவுகளில் விளையும் ஒரு செடியின் வேர். பொடித்துக் கரைத்துக் குடித்தால் பதறும் மனம் அடங்கும் என்பார்கள். அமெரிக்காவிலிருந்து என் மைத்துனர் அன்டன் பன்னிரண்டு பொதி அனுப்பினார். அங்கே ஒரு மாநிலத்தில் ஒரு விதி, அடுத்த மாநிலத்தில் வேறு விதி. கனடாவில் என்ன விதி? கேட்டேனா? கேட்கவில்லை! கடைத் தட்டில் அடுக்கினேன், தயங்காமல் விற்றேன்.

மிளகாய்த்தூள் வாங்க வந்தார் நிரஞ்சனி, நம் தெரு மருந்தாளர். பொதியைத் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணை, இதிலை கனடா அனுமதி இலக்கம் எங்கை?”

“அமெரிக்காவிலை கடையிலை விக்கிறாங்கள். நீர் தூளை வாங்கிக்கொண்டு போம்!” என்று சீறினேன்.

போனாரா? போகவில்லை!

“அங்கத்தைச் சட்டம் இங்கை செல்லாது. சிலருக்கு இது ஈரலைப் பழுதாக்கும். ஆருக்கு வித்தனீங்கள்?”

ஒருவருக்குத்தான். துறைமுகத்தில் பாரவண்டி ஓட்டும் மரியதாசன். நித்திரை வரவில்லையென்று மூன்று வாரமாகக் குடித்துவந்தார். நிரஞ்சனி அங்கேயே நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தார்.

“கண் மஞ்சளாய்க் கிடக்கோ அண்ணை?”

“ஓம் பிள்ளை, மனிசியும் சொன்னவ. பேந்து பாப்பம் எண்டிருந்தனான்.”

“பேந்து இல்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ, பொதியையும் கொண்டுபோங்கோ!”

ஈரல் வீங்கியிருந்தது. இன்னும் சில நாள் குடித்திருந்தால் காப்பாற்றுவது கடினம் என்றார் வைத்தியர்.

என்ன, பின்னாலிருந்து “கடையைப் பூட்டியிருக்கவேணும்” என்கிறீர்களா? ஓம் அண்ணை, நியாயம்தான்! மிச்சப் பொதிகளை நானே கொண்டுபோய் அதிகாரிகளிடம் ஒப்படைத்தேன். கண்டித்தார்கள், தலைகுனிந்து கேட்டேன்.

சட்டமென்றால் வணிகன் காலில் சங்கிலி என்று எண்ணியவன் நான். அந்தச் சிறிய இலக்கம் என்ன? முகமறியாத யாரோ, முகமறியாத மரியதாசனுக்காகச் சோதித்துப் பார்த்தேன் என்று தரும் சாட்சி! விதி வகுத்தவர்களுக்கு நன்றி! வைத்தியம் பார்த்தவர்களுக்கு நன்றி! வசை வாங்கியும் வாசலைத் தாண்டாத நிரஞ்சனிக்குக் கோடி நன்றி!

சென்ற சனிக்கிழமை, தன் மகள் பிரியந்தியின் கைபிடித்து, மணக்கோலத்தில் அவளைக் கோயிலுக்குள் கூட்டிச்சென்றார் மரியதாசன். கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து நான் விம்மி அழுதேன்.

மரியதாசன் அண்ணை, எழும்பி நில்லுங்கோ, சபை பாக்கட்டும்!

அவர் நிற்கிறார். நிறைந்த நெஞ்சோடு அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.