எச்சை வட்டல் படம்

— …கழட்டிருங்க அந்தப் படத்தை. இன்னும் செத்த நேரத்துல சங்ககிரியில இருந்து எங்கண்ணன் வண்டி வந்துரும். பொண்ணு கேக்க வர்றவரு வாசப்படி ஏறுனதும் மொதல்ல பாக்குறது மண்டையோடா?

— மண்டையோடு மட்டுமா இருக்குது சௌந்திரம்? நல்லாப் பாரு. வெள்ளிக் குவளை இருக்குது, எலுமிச்சம்பழம் இருக்குது…

— குவளை கவுந்து கெடக்குது. பழத்தைப் பாதி உரிச்சு, தோலு மேசைக்குக் கீழ தொங்குது. நண்டைக் கடிச்சுப் போட்டுட்டு எவனோ எந்திரிச்சுப் போயிட்டான். எச்சை வட்டலை எடுத்துக் கழுவறதை உட்டுப்போட்டு, உக்காந்து படம் எழுதியிருக்கான். அதையும் காசு குடுத்து வாங்கி, வாசப்படிக்கு நேரா முன் ஆசாரத்துல மாட்டிப் பாக்குறது நம்ம ஊட்டுலதான்.

— ஒல்லாந்துக்காரன் எழுதுனது புள்ளே. இது அசலைப் பாத்து எழுதுனது. அசலுக்கு வயசு முன்னூறு வருசம்.

— முன்னூறு வருசமாவா யாரும் வட்டலை எடுக்கல?

— உனக்கு எப்படிச் சொல்றது… அந்தக் காலத்துல அவங்க ஊர்ல கப்பல் கப்பலாப் பணம். நாலு காசு பாத்தவனெல்லாம் ஊட்டுல படம் மாட்டுனான். சாப்பாட்டு மேசையை மட்டும் எழுதறதுக்குன்னே ஆளுங்க இருந்தாங்க. அந்த எலுமிச்சந்தோலைப் பாரு, ஈரம் தெரியுது. நண்டு மேல ஒரு ஈ. நம்ம பண்ணையத்து ஆளு பச்சமுத்து துண்டை எடுத்து ஓட்டப் போனானே, நீயும்தான பாத்த.

— ஈ ஓட்டக்கூட ஆளில்லாத ஊடுன்னு ஊருக்கே எழுதிக் காட்டியிருக்கான்.

— மண்டையோடு எதுக்குன்னா… எத்தனை சம்பாரிச்சாலும் ஒரு நாள் போயிருவோம்னு நெனப்பூட்டறதுக்கு.

— அதைத் தெரிஞ்சுக்க ஒல்லாந்து வரைக்கும் போகோணுமா? நம்மூரு சுடுகாட்டுப் பக்கம் நின்னாலே தெரியுமுங்க.

— ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை, சீமையில சண்டை வந்துருச்சுன்னு எல்லாத்தையும் ஏலத்துல உட்டாரு. சேலத்து வக்கீலு ஒருத்தரு இதைத் தூக்கப் பாத்தாரு. நான் உடல.

— வக்கீலு தேக்குக் கட்டிலோட ஊடு போய்ச் சேந்தாரு. அவரு பொண்டாட்டி குடுத்து வெச்சவ.

— கூட இன்னொரு படமும் வாங்குனேனே…

— மச்சுல கெடக்குற கருப்புச் சட்டைக்காரனா? தலைச் சும்மாடு நழுவிக் கழுத்துல மாட்டிக்கிட்ட மாதிரி முழிக்கிறானே.

— அது ஒல்லாந்து இல்ல, பக்கத்துச் சீமை. பிளாண்டர்ஸ். அங்க பெரிய வியாபாரிங்க அப்படித்தான் மடிப்பு மடிப்பாக் கழுத்துப்பட்டை போடுவாங்க. மொகத்துல ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு…

— பாதி மொகத்துல சாயம் தீந்துபோச்சாக்கும். சரி, அவனாவது முழு மனுசன். அவனைக் கொண்டாந்து இங்க மாட்டுங்க. மண்டையோடு மச்சுக்குப் போகட்டும்.

— வேண்டாம்.

— ஏனுங்க?

— அது… ஆணி இந்தப் படத்துக்குன்னு அடிச்சது.

— போன வாரம் வரைக்கும் இதுவும் மச்சுலதான கெடந்துச்சு? வெத்தலை பாக்கோட வாரேன்னு அண்ணன் ஆள் உட்ட பொறவுதான எறக்குனீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— சரி, கேட்டுக்க. உங்கண்ணன் உள்ள வரோணும். இதைப் பாக்கோணும். சகுனம் சரியில்லைன்னு வெத்தலையை மடியில திருப்பிக் கட்டிக்கிட்டுப் போகோணும். அதுக்குத்தான்.

— ஓகோ.

— நானாக் குடுக்க மாட்டேன்னு சொல்ல முடியுமா? தாய்மாமன் மகனுக்கு உரிமைப் பொண்ணு. சொன்னா ஒறவே அத்துப் போகும். சகுனத் தடைன்னா யாருக்கும் மனத்தாங்கல் இல்ல. மொதத் தாரத்தைக் கை ஒடிய அடிச்சுத் தொரத்துனவன் உங்கண்ணன் மகன் மணியன். அவனுக்கா நம்ம குப்பாயியக் குடுக்கறது? உம்பொறந்த ஊட்டுச் சேதியாச்சே, வெசனப்படுவியேன்னு இத்தனை நாள் மூடி வெச்சிருந்தேன்.

— அந்தப் புள்ள கையில துணி சுத்தி, அவ அப்பனூட்டுக்கு வண்டியேத்தி உட்டதே நாந்தானுங்க. எனக்கா தெரியாது? நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க என்னடான்னா, பெத்த பொண்ணைக் காப்பாத்த ஒல்லாந்துக்காரனைக் கூப்புட்டிருக்கீங்க.

— அப்ப உனக்கும் இஷ்டமில்ல… பொறவு எதுக்குக் கழட்டச் சொல்ற? வண்டிச் சத்தம் கேக்குது பாரு. நீ சும்மா இரு, படம் பாத்துக்கும்.

— படம் பாத்துக்குமுங்க, எங்கண்ணன் பாக்கோணுமே? அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து வருசமாச்சு. மணியன் தோளைப் புடிச்சுக்கிட்டே வாராரே, மகன் மேல பாசமுன்னு நெனச்சீங்களா? வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காரு. மணியனுக்குக் கண்ணு தெரியும், பொண்ணு வேணுங்கறவன் மண்டையோட்டைப் பாத்தேன்னு சொல்லுவானா? நீங்க அது பின்னால ஒளிஞ்சுக்குவீங்கன்னுதான் கழட்டச் சொன்னேன். இன்னையோட எனக்குப் பொறந்த ஊடு இல்லாமப் போனாலும் போகட்டும். வாசலுக்குப் போயி, மாட்டேன்னு உங்க வாயால சொல்லுங்க.