அறுபத்து நான்கில் பதினொன்று

வெறும் வயிற்றோடு வந்திருப்பவர்களிடம் வளவளவென்று பேசக்கூடாது. இருபத்தாறு ஆண்டுகள் இரத்தம் எடுத்ததில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான். காலை ஏழு மணிக்கு அவர்களிடம் பசி, எரிச்சல், ஊசி பயம் எல்லாம் சேர்ந்திருக்கும். பெயர், வயது, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், இவ்வளவு கேட்டால் போதும். என்னிடம் குத்திக்கொண்ட யாரும் வலித்தது என்று முகம் சுளித்ததில்லை. விசாரணை அதிகாரியான நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னதால், அந்த இரத்தப் பரிசோதனைக்கூடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் ஆறு நாற்காலிகளும் எடை பார்க்கும் இயந்திரமும். பின்னறையில் பரிசோதனை இயந்திரம், குளிர்பெட்டி, என் மேசை. சுவரில் பெரிய எழுத்தில் ‘முழு உடல் பரிசோதனை: 64 சோதனைகள்’ என்று ஒட்டியிருக்கும். முதலாளி முன்பு தரைக்குப் பதிக்கும் ஓடுகள் விற்றவர். எண்ணிக்கை கூடினால் வியாபாரம் கூடும் என்பதைத் தவிர அவருக்கு இந்தத் தொழிலில் ஒன்றும் தெரியாது. அறிக்கையில் கையெழுத்துப் போடுவது நான்தான்.

அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இயல்பான அளவு என்று ஒரு வரம்பு அச்சாகியிருக்கும். ஆரோக்கியமான நூறு பேரைச் சோதித்து, அவர்களில் தொண்ணூற்றைந்து பேர் எதற்குள் அடங்குகிறார்களோ அதையே பெரும்பாலும் வரம்பாக வைக்கிறார்கள். மீதி ஐந்து பேருக்கும் உடம்பில் ஒன்றுமில்லை, வெளியே விழுந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அப்படியானால் கல் போல இருக்கும் ஒரு மனிதனுக்கு அறுபத்து நான்கு சோதனைகள் செய்தால், சும்மாவே மூன்று எண்கள் சிவப்பில் வரும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. விவரம் தெரிந்த எந்த மருத்துவரும் இதையே சொல்வார். நோயில்லாதவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்று பார்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரர் ஒருவர் இருந்தார். நாள் முழுக்க நடக்கிற மனிதர், ஒரு தும்மல்கூட வராது. சுவரில் இருந்ததைப் பார்த்துவிட்டு அறுபத்து நான்கும் செய்துகொண்டார். புற்றுநோய்க்கான ஒரு சோதனை மட்டும் வரம்பை மயிரிழை தாண்டியிருந்தது. பிறகு ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுத்தல், அந்த இடத்தில் சீழ், மறுபடி ஆஸ்பத்திரி என்று ஏழு மாதம் ஓடியது. கடைசியில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார்கள். அதற்குள் அவர் பாதி ஆளாகிப்போயிருந்தார், வேலையும் போய்விட்டது. ஒருநாள் படியேறி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அந்த ஒரு நம்பரை மட்டும் நீங்க எழுதாம விட்டிருக்கலாமேம்மா,” என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே முதலாளியிடம் சோதனைகளைக் குறைக்கலாம் என்றேன். “குறைச்சா எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க, நீங்க ரொம்ப யோசிக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார். யாராவது யோசிக்க வேண்டும் இல்லையா. நான் யோசித்தேன். உருப்படியான சோதனைகள் என்று பதினொன்றைத் தேர்ந்தெடுத்தேன். இரத்த அணுக்கள், சர்க்கரை, கொழுப்பு, இப்படி. மற்ற ஐம்பத்து மூன்றை இயந்திரத்தில் போடவில்லை. அவற்றுக்கான எண்களை நானே எழுதினேன்.

கண்டபடி எழுதவில்லை. வயது, எடை, போன ஆண்டின் அறிக்கை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, வரம்புக்குள் நிற்கும்படி எழுதினேன். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு எழுதியதில்லை. பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்களைத் தவிர்த்தேன். அவை மனதில் தோன்றியதை எழுதியது போலத் தெரியும். அறிக்கையை வாங்கிக்கொண்டு போகிறவர்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லாத காகிதம் மனிதனை எவ்வளவு லேசாக்கிவிடுகிறது.

போகப் போகப் பதினொன்றும் எல்லாருக்கும் தேவைதானா என்று தோன்றியது. பார்த்தாலே தெம்பாக இருப்பவர்களுக்கு ஏழு போதும் என்று வைத்துக்கொண்டேன். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒருவருக்குச் சர்க்கரை 131 வந்தது. நான் 104 என்று எழுதினேன். பந்தியில் நிம்மதியாகச் சாப்பிடட்டும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த ஆண்டு அவர் வரவில்லை.

இனி என் தங்கையைப் பற்றி. எனக்கு எட்டு வயது இளையவள். பள்ளியில் கணக்கு ஆசிரியை. நான் அவளை இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறேன். கடைசி ஐந்து ஆண்டுகளாக அவள் பிறந்தநாளன்று முதல் ஆளாக வந்து கையை நீட்டுவாள். “எங்க அக்கா கையெழுத்து போட்டா எமனே திரும்பிப் போயிடுவான்,” என்று முன்னறையில் இருப்பவர்களிடம் பெருமையடிப்பாள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு மட்டும் சிறுநீரகச் சோதனை என்பது என் விதி. அவளுக்கு இரண்டும் இல்லை. அதனால் ஆண்டுதோறும் அந்த இடத்தில் 0.8, 0.7, 0.8 என்று எழுதிவந்தேன்.

அவளுக்குத் தலைவலி உண்டு. பத்து வருடமாக வலி மாத்திரையை வேர்க்கடலை போலப் போட்டுக்கொண்டிருந்தாள். அது சிறுநீரகத்தை அரிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான்காவது ஆண்டு, இரத்தம் எடுத்து முடித்ததும் அவள் எழுந்திருக்காமல் காலைக் காட்டினாள்.

“அக்கா, சாயங்காலமானா கால் வீங்குது. செருப்பு நுழைய மாட்டேங்குது.”

“நின்னுக்கிட்டே பாடம் நடத்தினா வீங்காம என்ன பண்ணும்?”

“கிட்னில ஏதாச்சும் இருக்குமோன்னு பயமா இருக்கு. அதை மட்டும் நல்லா பாருக்கா.”

“பார்க்கிறேன் குட்டி, நீ போய்ச் சாப்பிடு,” என்றேன்.

அவள் இரத்தம் இருந்த குழாய் என் கையில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இயந்திரம் இரண்டடி தூரத்தில். பதினொரு நிமிட வேலை. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எண் கூடுதலாக வந்தால் முந்தைய மூன்று ஆண்டுகளோடு அது ஒத்துப்போகாது, அவள் கணக்கு ஆசிரியை, ஏன் என்று கேட்பாள். ஒரு வீக்கத்துக்காக அவளை மூன்று வருடக் குழப்பத்தில் தள்ள வேண்டுமா என்று யோசித்தேன். குழாயைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு 0.9 என்று எழுதினேன். மாலையில் தொலைபேசியில் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. ஐந்தாவது ஆண்டு 0.8.

அதற்கடுத்த மூன்றாவது மாதம் வகுப்பறையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எடுத்தபோது, ஒன்றைச் சுற்றி நிற்க வேண்டிய அந்தச் சிறுநீரக எண் 9.4. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. சிறுநீரக மருத்துவர் என் ஐந்து அறிக்கைகளையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்தார்.

“மூணு மாசத்துல இப்படிச் சுருங்காதே,” என்றார்.

“சில பேருக்குத் திடீர்னு ஆகும்ல டாக்டர்,” என்றேன். அவர் என்னையே பார்த்தார். அவர்தான் பிறகு உங்கள் அலுவலகத்துக்கு எழுதினார் என்று கேள்விப்பட்டேன். தப்பில்லை, அவர் தன் வேலையைச் செய்தார்.

உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பெண்ணைப் பாராட்ட வேண்டும். நான்கு நாள் என் மேசையிலேயே உட்கார்ந்து, அறிக்கைகளைப் புரட்டி, ஒவ்வோர் எண்ணின் கடைசி இலக்கத்தையும் கோடு போட்டு எண்ணினார். இயந்திரம் தரும் எண்களில் ஐந்தில் ஒன்று பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிய வேண்டுமாம். என் எண்களில் பதினோரு வருடமாக ஒன்றுகூட அப்படி முடியவில்லை. அவ்வளவு கவனமாக இருந்ததால்தான் மாட்டிக்கொண்டேன். அதை வைத்தே மூவாயிரத்துச் சொச்சம் அறிக்கைகளைப் பிரித்தெடுத்துப் பட்டியல் போட்டுவிட்டார். அதில் என் தங்கையின் ஐந்தும் இருக்கின்றன. பட்டியலை நான் மறுக்கவில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கை இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தில் படுக்கிறாள். கையில் ஊசி ஏற்ற இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் பிழைப்பாள், சீக்கிரம் கிடைக்க வேண்டும். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். இரத்த வகையும் ஒன்று. அவளுக்கு இதெல்லாம் தெரிந்த பிறகு, நேற்று இங்கே காவலில் என்னைப் பார்க்க வந்தாள். முகம் ஊதியிருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

“அக்கா, இங்க வந்ததுலேர்ந்து சர்க்கரை மாத்திரை போட்டியா இல்லையா?”

“போட்டேன்.”

“பொய் சொல்லாத. என் முன்னாடி ஒண்ணு போடு.”

நான் தண்ணீர் கேட்டு வாங்கி ஒன்றை விழுங்கினேன்.

இதையும் எழுதிவிடுவதுதான் முறை. உங்கள் பட்டியலில் ஓர் அறிக்கை விட்டுப்போயிருக்கிறது. சிறுநீரகம் கொடுப்பவரின் முதல்கட்டச் சோதனைகளைச் செய்துகொண்டு வர ஆஸ்பத்திரியில் சொன்னபோது, எங்கள் கூடத்திலேயே எடுக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு என் கையில் நானே குத்தினேன். அன்று பதினொன்றோடு நிறுத்தவில்லை. அறுபத்து நான்கையும் இயந்திரத்தில் போட்டேன். மூன்று எண்களாவது சிவப்பில் வரும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. சர்க்கரையை மட்டும் இன்னும் இரண்டு முறை ஓட்டினேன். 88, 89, 88.

அன்று பொருத்தமான எண்ணைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. சர்க்கரை 240, மூன்று மாதச் சராசரி 9.5 என்று எழுதினேன். பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிவதால்தான் அந்தப் பெண்ணின் கண்ணில் படவில்லை. சர்க்கரை நோயாளி கொடுக்க முடியாது என்று தானப் பிரிவு மருத்துவர் அதைப் பார்த்த நிமிடமே சொல்லிவிட்டார். தங்கைதான் என்னைத் தேற்றினாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் எனக்குச் சர்க்கரை போடாத தேநீர்தான்.

பதினோரு வருடத்தில் ஆரோக்கியமான ஒருவருக்கு நான் எழுதிய சிவப்பு எண்கள் அந்த இரண்டும்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கையிடம் மட்டும் சொல்ல வேண்டாம், இந்த நிலைமையில் அவள் வீணாகக் கவலைப்படுவாள்.